பந்துதான் மாப்பிள்ளை

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் இளம் உடற்கல்வி ஆசிரியை கைபேசியில் கூப்பிட்டார். மைதானத்து உயரக் கம்பத்தில் இரண்டு விளக்குகள் எரியவில்லையாம். அதனால் சாயங்காலப் பயிற்சியை நிறுத்திவிட்டாராம்.

“மேடம், நீங்க பெட்ரோமாக்ஸ் வச்சே சாஃப்ட்பால் ஆட வச்சீங்கன்னு சொல்றாங்களே, நெஜமாவா? இருட்டுல எப்படி மேடம் பந்து தெரியும்?”

“தெரியாது,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதுதான் சரியான விடை. ஆனால் அந்த விடைக்கு வந்து சேர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் எழுதித் தரச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. சின்ன வயது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டு வீராங்கனை அல்ல. பள்ளியில் ஓட்டப்பந்தயம் வைத்தால் கடைசியாக வருவதில் எனக்குப் போட்டியே கிடையாது. தமிழ் படித்துவிட்டு நூலகங்களில் உட்கார்ந்து தடிப் புத்தகங்களைத் தின்றுகொண்டிருந்தவள். தமிழாசிரியர் பயிற்சியில் இடம் இல்லை, உடற்கல்வியில் ஓர் இடம் காலி என்றார்கள். சேர்ந்தேன். கல்லூரியில் எனக்கு வந்தது இரண்டு: விசில் ஊதுவது, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. இரண்டாவது பின்னால் உதவியது.

வேலை கிடைத்தது கள்ளக்குறிச்சிப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில். தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா கரும்பு வெட்டிய கையால் மகளைப் படிக்க வைத்தவர். எஸ்தர் டீச்சர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எதற்கும் முடியாது என்று சொல்லியும் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்: “அப்புறம்?” நீங்கள் ஒரு யோசனையோடு அவர் அறைக்குள் போவீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே “அப்புறம்?” என்பார். அடுத்த படியைச் சொல்வீர்கள். “அப்புறம்?” மூன்றாவது அப்புறத்தில் உங்கள் யோசனை தானாகவே செத்துப்போகும். நீங்களே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவீர்கள். சில யோசனைகள் ஐந்தாவது அப்புறத்தையும் தாண்டி உயிரோடு நிற்கும். அப்படி நின்றால் அதன்பிறகு அவரே முன்னால் நடப்பார்.

சாஃப்ட்பால் எங்கள் பள்ளிக்கு வந்தது தவறுதலாக. வாலிபால் கேட்டிருந்தோம். பெட்டியைத் திறந்தால் மட்டைகள், தோல் கையுறைகள், பெரிய வெள்ளைப் பந்துகள், ஒரு விதிப்புத்தகம். திருப்பி அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். புத்தகம் இருந்ததே! ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஒருத்தி கையைக் கீழாகச் சுழற்றிப் பந்தை எறிய வேண்டும், இன்னொருத்தி மட்டையால் அடித்துவிட்டு மூன்று மூலைகளைத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வந்தால் ஒரு ரன். எங்கும் போகாமல் ஓடுவது அரசு ஊழியருக்குப் புதிதல்ல என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அணியில் ராமாயி என்று ஒரு பெண். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கீழே விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தாள். மலைப்பெண், தினைக்காட்டில் கவண் சுழற்றியிருப்பாள், பந்து எறியப் பிறந்தவள் என்று படித்த புத்தகங்களை நம்பி நானே முடிவு கட்டினேன்.

“கவண் நல்லாச் சுத்துவியா?”

“இல்லீங்க டீச்சர். எங்க காட்டுல தகர டப்பா தட்டுவோம்.”

எறியச் சொன்னேன். பந்து அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் அவளுக்கு முன்னால் நின்றிருந்தேன். எனவே அவளைத் தொலைதூரத்தில், பந்து அதிகம் வராத இடத்தில் நிறுத்தினேன். அங்கே நின்றவள் வந்த பந்தையெல்லாம் பிடித்தாள். பயிற்சியாளரின் மேதைமை என்று இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

அவள் அப்பா ஒருநாள் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பரீட்சை முடிந்ததும் மகளை அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை பார்த்தாயிற்று. எஸ்தர் டீச்சர் “அப்புறம்?” என்றார். அவர் அசரவில்லை. மலைக்காரரிடம் அப்புறம் பலிக்கவில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். ஆசிரியர் பயிற்சியில் விளையாட்டுக்கு என்று ஒதுக்கிய இடம் உண்டு. மாநிலப் போட்டியில் ஆடியிருந்தால் அதில் கேட்கலாம். இடம் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் மலைக்குத்தான்.

மாநிலத்துக்குப் போக மாவட்டத்தில் ஜெயிக்க வேண்டும். எங்கள் பள்ளி அதுவரை எந்த விளையாட்டிலும் வட்ட அளவிலான போட்டியைத் தாண்டியதில்லை.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். சாலையோரப் புளியமரங்கள் ராத்திரியில் வெட்டுப்பட்டுக் குறுக்கே விழுந்துகிடக்கும், பகலில் பஸ் கிடையாது, கல்யாணங்கள் தள்ளிப்போயின. பந்தோபஸ்துக்கு வந்த போலீசாருக்கு எங்கள் பள்ளி மைதானத்தைக் கொடுத்துவிட்டார்கள். நான் சுண்ணாம்புக்கோடு போட்டு வைத்திருந்த ஆடுகளத்தில் நீலநிற வேன்கள் நின்றன. முதல் மூலையில் சமையல், இரண்டாவது மூலையில் துவைத்த பனியன்கள். பொழுது சாய்ந்ததும் வேன்கள் ரோந்துக்குக் கிளம்பிவிடும். மைதானம் எங்களுக்குக் கிடைப்பது வெளிச்சம் போனபிறகுதான்.

எஸ்தர் டீச்சர் அறைக்குப் போனேன். “சாயங்காலம் பயிற்சி வச்சிக்கலாம் டீச்சர்.” “அப்புறம்?” “விளக்கு வச்சிக்கலாம்.” “அப்புறம்?” “ஊர்வல லைட் வாடகைக்கு விடற கன்னியப்பன் கல்யாணம் இல்லாம சும்மாதான் இருக்கார்.” “அப்புறம்?” “மண்ணெண்ணெய்க்குப் பொண்ணுங்க ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வருவாங்க. விடுதிப் பொண்ணுங்கள நாமே கொண்டுபோய் விடணும். மத்தவங்கள அவங்க வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க.” “அப்புறம்?” “அப்புறம் ஜெயிச்சிடுவோம்,” என்றேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “நாற்காலி ஒண்ணு எடுத்துக்கினு வரச் சொல்லு. நானும் வரேன்.”

முதல் சாயங்காலத்தை நான் மறக்கமாட்டேன். கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, மூன்று ஆட்களோடு வந்தார். நான்கு பேர் தலையிலும் சும்மாடு, சும்மாட்டின் மேல் பெட்ரோமாக்ஸ். காற்றடித்து ஏற்றியதும் மைதானம் பளீரென்றது. போராட்டத்துக்குப் போன வீட்டுப் பெண்களும் அணியில் இருந்தார்கள், போராட்டத்தால் கடை அடைத்த வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். விளக்கு எல்லோர் கண்ணையும் ஒரே மாதிரிக் கூச வைத்தது.

நான்கு பேரையும் நான்கு மூலைகளில் நிறுத்தினேன். விஜயா எங்கள் கேப்டன். அவள் அடித்தாள். பந்து இடதுபக்கம் பறந்தது. அவள் முதல் மூலைக்கு ஓடினாள். அவளோடு நான்கு விளக்குகளும் ஓடின.

ஆமாம், நான்கும். கன்னியப்பனும் அவர் ஆட்களும் இருபது வருடம் மாப்பிள்ளை அழைப்புக்கு விளக்குத் தூக்கியவர்கள். முக்கியமான ஆள் நகர்ந்தால் விளக்கும் கூடவே நகர வேண்டும் என்பது அவர்கள் காலில் ஊறிப்போயிருந்தது. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால், நடுவில் விஜயா. ஜரிகை மாலை ஒன்றுதான் குறை. பந்து எங்கேயோ இருட்டில் கிடந்தது. அதைத் தேடியவள் கையால் தடவித் தேடினாள்.

“கன்னியப்பன்! எங்க ஓடறீங்க?”

“இன்னா டீச்சர், பொண்ணு ஓடுது, வெளிச்சம் வாணாமா? தடுக்கி வுழுந்துட்டா?”

“பந்து அங்க கிடக்குது!”

“பந்துக்கு இன்னாத்துக்கு டீச்சர் வெளக்கு? அது தானா ஓடலியே, அடிச்சித்தான ஓடுது.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு விதியும் இல்லை. எஸ்தர் டீச்சர் நாற்காலியிலிருந்தபடியே சொன்னார்: “கன்னியப்பா, இந்தக் கல்யாணத்துல பந்துதான் மாப்பிள்ளை.”

கன்னியப்பன் பந்து கிடந்த பக்கம் விளக்கோடு திரும்பினார். “அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா?” என்றார். அதன்பிறகு அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி வருவது அந்த இளம் ஆசிரியைக்காக. நான்கு விளக்குகளும் அலைந்தால் நிழல்கள் ஆடி எல்லோருக்கும் தலை சுற்றும். எனவே மூன்றைப் பந்தல்கால்களில் கட்டி, ஆள் உயரத்துக்குமேல் நிறுத்தினோம். மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் பாதியாக வெட்டி ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் வைத்தோம். வெளிச்சம் வீணாகச் சிதறாமல் களத்துக்குள் வரும். அடிப்பவளுக்கு நேர் எதிரே விளக்கு இருக்கவே கூடாது, முதுகுப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். நான்காவது விளக்கு கன்னியப்பன் தலையில், மாப்பிள்ளையோடு. பந்துக்குத் தினமும் ஷூ பாலிஷ். பெண்களின் பாவாடைகளில் வெள்ளைக் கைரேகைகளைப் பார்த்து அம்மாக்கள் என்னைத் தேடி வந்தார்கள், பாராட்டுவதற்கல்ல.

உயரே போகும் பந்துதான் பெரிய சிக்கல். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் ஒரு பனைமர உயரம்கூடப் போகாது. அதைத் தாண்டினால் பந்து இருட்டுக்குள் மறைந்துவிடும். தேடி மேலே பார்த்தால் கண் விளக்கில் மாட்டும். அப்புறம் சற்று நேரம் எதுவுமே தெரியாது. பந்து தலையில் விழும். இரண்டு பேருக்கு விழுந்தது. ஒருத்தி நான்.

இதற்கு வழி ராமாயியின் பழக்கத்திலிருந்து பிறந்தது. அவள் பந்தைத் தேடுவதே இல்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய் ஓரிடத்தில் நிற்பாள், கையுறையை விரிப்பாள், அப்போதுதான் நிமிர்வாள். பந்து இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் இறங்கும்.

“எப்படிடி தெரியுது?”

“விடியறதுக்கு முன்ன டப்பா தட்டறப்ப குருவி எந்தப் பக்கம் எழும்புதுன்னு காதுலதாங்க டீச்சர் கேப்போம். இருட்டுல கண்ண நம்பினா ஏமாத்திப்புடும்.”

அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே பாடம்: விளக்கைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள், விழப்போகும் இடத்துக்கு முன்பே போய் நில். ஒருவாரம் நெற்றிப் புடைப்புகளோடு பழகினார்கள். அப்புறம் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் போலீஸ் ஜீப் சீக்கிரமே திரும்பியது. தூரத்திலிருந்து பார்த்த சப்-இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரிந்திருக்கும்? இருட்டில் நகரும் விளக்கு, கையில் கட்டைகளோடு ஒரு கூட்டம். மரம் வெட்டக் கிளம்புகிறார்கள் என்று நினைத்து நான்கு காவலர்களோடு குதித்தார். எதிரில் பாவாடை சட்டையில் பெண் பிள்ளைகள். மனிதருக்குக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

“இன்னாம்மா இது? தடையுத்தரவு போட்டிருக்குது, தெரியுமில்ல? அஞ்சு பேர் ஒண்ணாக் கூடக் கூடாது.”

“ஒன்பது பேர் இல்லாம ஆட முடியாதுங்க சார். விதி,” என்றேன். புத்தகம் படித்தவளின் புத்தி.

எஸ்தர் டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. “சரிங்க சார், கூடக் கூடாது. அப்புறம்?”

“அப்புறம் இன்னா, கலைஞ்சி போவணும்.”

“கலைஞ்சிடறோம். அப்புறம்?”

“வூட்டுக்குப் போவணும்.”

“பஸ் இல்ல சார். பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போறதுக்கு இன்னும் நேரம் இருக்குது. அப்புறம்?”

“அதுவரைக்கும்… இங்கயே இருக்கட்டும்.”

“இருட்டுலயா சார்?”

“வெளக்கு இருக்குதில்ல?”

“இருக்குது. அதுவரைக்கும் பொம்பளப் புள்ளைங்க சும்மா நிக்கறதா சார்?”

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது மூலையருகே நின்று, “அது அவுட்டு டீச்சர்! நான் பாத்தேன்!” என்று கத்திக்கொண்டிருந்தார். அது அவுட் இல்லை. சட்டம் ஒழுங்கை முன்னிட்டு ஒப்புக்கொண்டேன்.

மாவட்டப் போட்டி கடலோர நகரத்தில். சாலையில் மரங்கள் கிடந்தன, ரயில் ஓடியது. சின்னசேலம் போய்த்தான் ஏற வேண்டும். விடியற்காலை வண்டிக்கு நடந்தே கிளம்பினோம். வழிக்கு வெளிச்சம் வேண்டும் என்று கன்னியப்பன் ஆட்களோடும் விளக்குகளோடும் கூடவே வந்தார். ரயிலடியில் அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னேன். “மாப்ளய பாதி வழில வுட்டுட்டா? என் தொழில்ல அந்தப் பழக்கம் இல்ல டீச்சர்,” என்று ஆட்களை மட்டும் அனுப்பிவிட்டு, பெட்ரோமாக்ஸ்களோடு ரயிலேறிவிட்டார்.

எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி அதற்கு முந்தைய வருடம் ஜெயித்த நகரத்துப் பள்ளி. மதியம் சாப்பிடப் போய்த் திரும்பும்போது அவர்கள் வேன் வெட்டிச் சாய்த்த மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் ஆட்டம் ஆரம்பிக்கும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. ஏழு சுற்றில் ஆறு முடிந்தபோது இரண்டு பக்கமும் சம ரன். பொழுது இறங்கிவிட்டது. நடுவர் கையைத் தூக்கினார். வெளிச்சம் இல்லை, நிறுத்துகிறோம் என்றார்.

எஸ்தர் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு களத்துக்குள் போனார்.

“சரிங்க சார். அப்புறம்?”

“மீதிய நாளைக்கு ஆடலாம்.”

“நாளைக்கு பந்த் சார். அப்புறம்?”

“அப்ப… வழக்கப்படி போன வருஷம் ஜெயிச்சவங்களயே மாநிலத்துக்கு அனுப்பிடுவோம்.”

ராமாயி கையுறையைக் கழற்றவில்லை. மலையேறும் பஸ் அவள் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

“விளக்கு இருந்தா ஆடலாமா சார்?” என்றார் எஸ்தர் டீச்சர்.

எதிரணிப் பயிற்சியாளர் நல்ல உயரம். இருட்டிய பிறகும் கூலிங் கிளாஸ் கழற்றாதவர். “எங்க பொண்ணுங்க எதுலயும் ஆடுவாங்க மேடம். விளக்கு எங்க இருக்கு?” என்று சிரித்தார். மைதான ஓரத்திலிருந்து கன்னியப்பன் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

நியாயம் என்று ஒன்று உண்டல்லவா? விளக்குகளை எங்கே வைப்பது என்பதை அவரிடமே விட்டோம். பந்து எறிபவளுக்குப் பின்னால், அடிப்பவளுக்கு நேர் எதிரே ஒன்றை நிறுத்தினார். “சார், அது அடிக்கிறவங்க கண்ணைக் கூசும்,” என்றேன். “டீச்சர், நான் நேஷனல் ஆடினவன்,” என்றார். நான் நூலகத்தில் ஆடியவள். பந்து இருக்கும் பக்கம் ஒரு விளக்கு நடமாடலாம், ஆட்டக்காரர் யார் மேலும் இடிக்கக் கூடாது என்று நடுவர் ஒப்புக்கொண்டார்.

கடைசிச் சுற்றில் முதலில் நாங்கள் அடித்தோம். எதிரே விளக்கு கூசியது. எங்கள் பெண்கள் விளக்கைப் பார்க்கவில்லை. எறிபவளின் இடுப்பைப் பார்த்தார்கள். பந்து கையை விட்டுக் கிளம்புவது அங்கிருந்துதான். விஜயா ஓங்கி அடித்தாள். பந்து இருட்டுக்குள் ஏறி மறைந்தது. எதிரணியில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தபடி ஓடினார்கள், விளக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பந்து அவர்களுக்கு நடுவில் தொப்பென்று விழுந்து உருண்டோடியது. கன்னியப்பன் சத்தம் வந்த பக்கம் ஓடிப் பந்துக்குமேல் நேர்மையாக வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் பொறுக்கி எறிவதற்குள் விஜயா சுற்றி வந்துவிட்டாள். ஒரு ரன் முன்னால்.

அடுத்து அவர்கள். மூன்று பேர் வெளியேறினால் சுற்று முடிந்தது. முதல் இருவர் எதிரே இருந்த விளக்கைப் பார்த்துக் கண் சிமிட்டி வெறுங்காற்றை அடித்து வெளியேறினார்கள். மூன்றாமவள் கெட்டிக்காரி. எப்படியோ அடித்து முதல் மூலைக்குப் போய்விட்டாள். நான்காமவள் அவர்களிலேயே பலசாலி. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள் என்றுதான் நினைக்கிறேன். மட்டையில் பட்ட சத்தம் கணீரென்று கேட்டது. பந்து உயர ஏறி, விளக்கைத் தாண்டி, இல்லாமல் போயிற்று.

மைதானமே அண்ணாந்தது. நானும்தான். நான் போட்ட விதியை மீறி விளக்கைப் பார்த்தேன், குருடானேன். வாழ்க்கையின் பெரிய வெற்றியை நான் கண்ணால் பார்க்கவில்லை. எஸ்தர் டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

ராமாயி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தாளாம், ஓட்டம்கூட இல்லை. அந்த இடம் முழு இருட்டு, மூன்று விளக்குகளின் வெளிச்சமும் எட்டாத மூலை. கன்னியப்பன் பந்தைத் தேடி ஒருமுறை கண்ணை மட்டும் உயர்த்தினார். காணோம். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தலையில் விளக்கோடு அவளுக்குப் பக்கவாட்டில், நான்கடி தள்ளி, ஊர்வல நடையில் போனார். அவள் நின்றாள், அவரும் நின்றார். அவள் கையுறையை விரித்து நிமிர்ந்தாள். ஷூ பாலிஷ் பூசிய பந்து வெளிச்சத்துக்குள் இறங்கி வந்தது.

எனக்குக் கேட்டது தோலில் பந்து விழுந்த சத்தம் மட்டும். அது போதுமாக இருந்தது.

“பந்துதான் காணாமப் போச்சே கன்னியப்பன், எப்படி அந்தப் பக்கம் போனீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“மாப்ள எங்க கீறான்னு தெரியாட்டி இன்னா டீச்சர்? பொண்ணு வந்து நின்னுட்டா அவன் அங்கதான வந்தாவணும்.”

மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம், நல்ல பகல் வெளிச்சத்தில். ஆனால் ஆடினோம். ராமாயிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. பிறகு வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்து தலைமை ஆசிரியையாகவும் ஆனாள். அவள் அறைக்குள் போகும் ஆசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பயப்படுவதாகக் கேள்வி. என்ன சொல் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று ஆட்டம் முடிந்து ரயிலடிக்கு நடந்தோம். கன்னியப்பனும் நான்கு விளக்குகளும். தூக்க மற்ற மூவர் வரவில்லை. ஒன்றை விஜயா தூக்கினாள், ஒன்றை நான், ஒன்றை, சத்தியமாகச் சொல்கிறேன், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு எதிரணிப் பயிற்சியாளர். இரண்டு விளக்கு முன்னால், இரண்டு பின்னால், நடுவில் ராமாயி. எஸ்தர் டீச்சர் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கல்யாணங்கள் நின்றுபோயிருந்த ஊரில் ஊர்வலத்தைக் கண்டதும் வாசல்கள் திறந்தன. கடைவீதியில் ஓர் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“பொண்ணு மட்டும் வருது, மாப்ள எங்கம்மா?”

கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் ராமாயி கையை உயர்த்தினாள். வெள்ளைப் பந்து நான்கு விளக்குகளுக்கும் நடுவில் பளபளவென்று இருந்தது.

“இதோ இருக்காருங்க,” என்றாள்.